மதுவைக் காக்கப் போனார், பாலைக் காத்தார்! லூயி பாஸ்டர் வாழ்க்கை வரலாறு

சென்னையின் மேற்குப் பகுதியில், அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணை இருக்கிறது. ஊர் உறங்கும் வேளையில் அங்கே வேலை நடக்கிறது. பொழுது விடியும்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீடுகளில் அடுப்பில் பால் பொங்குகிறது. டீக்கடைகளில் கண்ணாடி டம்ளர்கள் கலகலக்கின்றன.

அந்தப் பால் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 'பாஸ்டரைஸ்டு' என்ற ஒரு சொல்லை அதில் அச்சிட்டிருப்பார்கள். சூடாக்கிக் கிருமி நீக்கிய பால் என்று அதற்குப் பொருள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஒரு மனிதரின் பெயரில் இருந்து வந்தது. அவர்தான் லூயி பாஸ்டர். பிரான்சு நாட்டு விஞ்ஞானி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெடாமல் காப்பதற்காகப் பாஸ்டர் சூடாக்கிப் பார்த்தது பால் அல்ல, மது! திராட்சைச் சாற்றில் செய்யும் ஒயின். அந்த ஒயினைக் காப்பாற்ற அவர் கண்ட வழிதான், பிற்காலத்தில் உலகம் முழுவதும் பாலுக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கதையைப் பார்ப்போம்.

தோல் பதனிடுபவர் மகன்

1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந்தேதி பாஸ்டர் பிறந்தார். ஊர், டோல். பிரான்சின் கிழக்கே, ஜூரா மலைப் பகுதியில் இருக்கிறது. முற்காலத்தில் அந்தப் பகுதி பர்கண்டி கோமகன்களின் ஆட்சியில் இருந்தது.

தந்தை ழான் ஜோசப், தோல் பதனிடும் தொழில் செய்தவர். அதற்கு முன்பு நெப்போலியன் படையில் சார்ஜெண்டாக இருந்து, வீரப் பதக்கம் பெற்றவர். போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, தோல் தொட்டியே கதி என்று வாழ்ந்தார்.

பாஸ்டர் சிறு குழந்தையாக இருக்கும்போதே, குடும்பம் ஆர்புவா என்ற ஊரில் குடியேறியது. அந்த ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். அறுவடைக் காலம் வந்தால், தெருவெல்லாம் திராட்சைச் சாறு புளிக்கும் வாசனை வீசும். அந்த வாசனையிலேயே பிள்ளை வளர்ந்தான்.

படிப்பில் பாஸ்டர் சூரப்புலி அல்ல. படம் வரைவதில்தான் ஆசை. தாய், தந்தை, அக்கம் பக்கத்தார் ஆகியோரின் முகங்களை வண்ணக் கட்டியால் தீட்டுவார். அந்தப் படங்கள் இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன.

15-வது வயதில், படிப்பதற்காகப் பாரிசுக்கு அனுப்பினார்கள். வீட்டு ஏக்கம் தாங்க முடியவில்லை. சில வாரங்களில் தந்தையே போய் அழைத்து வந்து விட்டார்.

பின்னர் வேறு ஊரில் படித்தார். 1842-ல் பட்டப் பரீட்சை எழுதினார். ரசாயனத்தில் அவர் 'சுமார்' என்று குறித்து விட்டார்கள்! ஆனால் பையன் சோர்ந்து போகவில்லை. விடாமல் உழைத்து, 1843-ல் பாரிசில் உள்ள புகழ் பெற்ற ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார்.

பீப்பாய்க் கசடு தந்த புகழ்

ஒயின் பீப்பாயின் உள்பக்கத்தில், உப்புப் போல ஒரு கசடு படியும். அதில் இருந்து ஒருவகை அமிலம் எடுப்பார்கள். அதன் உப்புகளைப் பாஸ்டர் ஆராய்ந்தார்.

1848-ல், 25-வது வயதில், அவர் ஒன்றைக் கண்டார். அந்த உப்பில் இருவகைப் படிகங்கள் இருந்தன. ஒன்று இடக்கை போல. மற்றொன்று வலக்கை போல. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஒன்றுக்கொன்று எதிர்மாறாக இருந்தன. பொறுமையாக உட்கார்ந்து, ஒவ்வொரு படிகமாகப் பொறுக்கி, இரண்டு குவியலாகப் பிரித்தார். பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் வியந்தார்கள்.

ஆக, பாஸ்டருக்கு முதல் புகழைத் தேடித் தந்ததே ஒயின் பீப்பாய்தான்!

மறு ஆண்டு அவர் ஸ்டிராஸ்பர்க் நகரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மரி லோரான் என்ற பெண்ணை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல, மாலை நேரங்களில் உட்கார்ந்து ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதியவர் அந்த அம்மையார். ஐந்து குழந்தைகள் பிறந்தன.

1854-ல் லீல் நகரில் விஞ்ஞானக் கல்லூரித் தலைவர் ஆனார். 1856-ல் ஒரு தொழிற்சாலை முதலாளி அவரிடம் ஓடி வந்தார். அவருடைய மகன், பாஸ்டரிடம் படித்துக் கொண்டிருந்தான். பீட்ரூட் சாற்றில் சாராயம் காய்ச்சும் தொழில். சில தொட்டிகள் மட்டும் திடீர் திடீரென்று கெட்டுப் போயின. காரணம் தெரியவில்லை.

பாஸ்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக 'ஈஸ்ட்' உயிர்கள் இருந்தன. கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக வேறு உயிர்கள் நெளிந்தன.

சாறு புளிப்பது வெறும் ரசாயன மாற்றம் என்றுதான் பல மேதைகள் அதுவரை சொல்லி வந்தார்கள். அது உயிர்கள் செய்யும் வேலை என்று பாஸ்டர் கூறினார். நல்ல உயிர் வேலை செய்தால் மது. கெட்ட உயிர் புகுந்தால் காடி!

பர்கண்டி ஒயினின் பெருமை

பாஸ்டரின் பெரிய சோதனை பர்கண்டி ஒயினோடு சம்பந்தப்பட்டது. அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொண்டால்தான், அவர் எடுத்துக்கொண்ட காரியம் எவ்வளவு கஷ்டமானது என்பது விளங்கும்.

பர்கண்டி, பிரான்சின் கிழக்கே உள்ள மாநிலம். தீஜோன் நகரில் இருந்து தெற்கே நீண்டு செல்லும் குன்றுச் சரிவுகளில் 'பினோ நுவார்' என்ற கறுப்புத் திராட்சை விளைகிறது. மெல்லிய தோல், குறைந்த விளைச்சல். பர்கண்டியின் பெயர் பெற்ற சிவப்பு ஒயின்கள் இந்தப் பழத்தில் செய்பவை. 1395-ல் பர்கண்டி கோமகன் பிலிப் ஓர் உத்தரவு போட்டார். 'கமே' என்ற, அதிகம் காய்க்கும் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பது உத்தரவு. அந்த அளவுக்கு அங்கே தரத்தில் கண்டிப்பு.

பர்கண்டியின் சிவப்பு ஒயின் கறுத்துத் தடித்து இருக்காது. கிண்ணத்தின் மறுபக்கம் தெரியும் அளவுக்கு வெளிர் சிவப்பு. கொஞ்சம் புளிப்பு. கொஞ்சம் துவர்ப்பு. செர்ரிப் பழ வாசனை. வயது ஏறினால் காளான் வாசமும் ஈரமண் வாசமும் சேரும்.

விலை? ஒரே குன்றில்கூட இடத்துக்கு இடம் வேறுபடும். சரிவின் நடுப்பகுதியில் விளைந்தால் யானை விலை. அடிவாரத்தில் விளைந்தால் குறைவு. ஆகவே, பையில் கனம் இல்லாதவர்கள் பெரிய பெயர்களைத் தேடுவது இல்லை. மாநிலத்தின் பெயரை மட்டும் தாங்கிய சாதாரணப் புட்டியை வாங்குவார்கள். அல்லது, பின்னால் உள்ள உயர்ந்த குன்றுகளின் ஒயினை வாங்குவார்கள். அல்லது, தெற்கே உள்ள மெர்க்குரே, ழிவ்ரி என்ற ஊர்களின் ஒயினை வாங்குவார்கள். அதே திராட்சை, அதே குடும்பம். விலை மட்டும் பல மடங்கு குறைவு.

அதைச் சுவைத்துப் பார்க்கவும் ஒரு முறை உண்டு. முதலில் கண். பிறகு மூக்கு. கடைசியில்தான் நாக்கு. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டிப் பார்த்து, துப்பி விடுவார்கள். விழுங்கினால், பத்தாவது கிண்ணத்தில் புத்தி தடுமாறும் அல்லவா?

நம் ஊரில் இட்லிக்குச் சட்னி, பொங்கலுக்குக் கொத்சு என்று ஜோடி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஓர் ஒயினை ஜோடி சேர்ப்பார்கள். பர்கண்டி மக்கள் மாட்டிறைச்சியை அந்த ஊர்ச் சிவப்பு ஒயினிலேயே மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். காளானும் சின்ன வெங்காயமும் சேர்ப்பார்கள். கூட அருந்துவதும் அதே ஒயின்தான். சேவல் கறியையும் இப்படிச் சமைப்பது உண்டு. வாட்டிய கோழி, பன்றித் தொடைக்கறி, பாலாடைக் கட்டி ஆகியவையும் பொருந்தும். நம் சாப்பாட்டில் ரசம் செய்யும் வேலையை, அங்கே ஒயினின் புளிப்பு செய்கிறது. கொழுப்பின் திகட்டலைப் போக்குகிறது.

நமது காரக் குழம்புக்கு முன்னால் இந்த ஒயின் நிற்காது. மிளகாயின் உறைப்பில் அதன் மெல்லிய மணம் ஓடி ஒளிந்து விடும்.

இவ்வளவு நுட்பமான சரக்கு அது. அதற்குத்தான் நோய் வந்தது!

சக்கரவர்த்தியின் கவலை

1860-ல் பிரான்சும் இங்கிலாந்தும் வியாபார ஒப்பந்தம் செய்து கொண்டன. பிரெஞ்சு ஒயினுக்கு இங்கிலாந்தில் வரி குறைந்தது. சாதாரண மக்களும் வாங்கலாம் என்ற நிலை வந்தது. ஏற்றுமதி பெருகியது.

ஆனால் புகார்களும் பெருகின. வழியிலேயே ஒயின் கெட்டு விடுகிறது என்றார்கள். சில ஒயின் காடியாகப் புளித்தது. சில கலங்கியது. சில எண்ணெய் போல வழவழத்தது. பர்கண்டியின் சிவப்பு ஒயினுக்கு வந்த நோய் கசப்பு. புட்டியில் பத்திரமாகப் பல ஆண்டு காத்திருந்து திறந்தால், வாயில் வைக்க முடியாத கசப்பு!

1863-ல் பிரெஞ்சு சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன், பாஸ்டரின் உதவியை நாடினார். ஒயினின் நோயை ஆராயும்படி கேட்டுக் கொண்டார்.

பாஸ்டர் நேராகத் தம் சொந்த ஊருக்குப் போனார். 1864-ல் விடுமுறைக் காலத்தில், ஆர்புவாவில் ஒரு பழைய காப்பிக் கடையை ஆராய்ச்சிக்கூடம் ஆக்கினார். வேண்டிய கருவிகள் இல்லை. உள்ளூர்த் தொழிலாளிகளைக் கொண்டே செய்து கொண்டார். அவற்றைப் பார்த்து ஊரார் சிரித்தார்களாம்.

ஊரில் உள்ள நிலவறைகளில் இருந்து, கெட்ட ஒயின்களை எல்லாம் வரவழைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். புளித்த ஒயினில் ஒருவகைக் கிருமி. வழவழத்த ஒயினில் மணி கோத்தது போல மற்றொரு வகை. கசந்த ஒயினில் கிளை கிளையாக வேறொரு வகை. நாளடைவில், வாயில் வைக்காமலே ஒயினின் நோயைச் சொல்லும் அளவுக்குத் தேர்ந்து விட்டார்.

நோய் தெரிந்தது. மருந்து என்ன?

சூடுதான் மருந்து

முதலில் சில ரசாயனப் பொருள்களைச் சேர்த்துப் பார்த்தார். பலன் இல்லை. பிறகுதான் சூடு நினைவுக்கு வந்தது.

ஒயினைக் கொதிக்க வைத்தால் பாழாகி விடும். ஆகவே, கொதிக்கும் அளவுக்குப் போகக் கூடாது. காற்று புகாதபடி புட்டியை மூடினார். வெந்நீரில் வைத்தார். 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேட் வரை சூடு ஏற்றினார். பிறகு ஆற விட்டார். அவ்வளவுதான். கிருமி செத்தது. ஒயின் பிழைத்தது.

1865 ஏப்ரலில் இந்த முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

உடனே சண்டையும் வந்தது. பர்கண்டி நிலப்பிரபு வெர்ஞெத் லமோத் என்பவர், ஒயினைச் சூடாக்கும் முறையைத் தாம் முன்பே சோதித்ததாகக் கூறினார். இருவரும் பல ஆண்டுகள் பத்திரிகைகளில் மோதிக் கொண்டார்கள். பாஸ்டர் சாதுவான மனிதர் அல்ல. வாதம் என்று வந்தால் விட்டுக் கொடுக்க மாட்டார்.

ஆனால், அடைத்த உணவைச் சூடாக்கிப் பாதுகாக்கும் முறையைக் கண்ட நிக்கோலா அப்பேர், பல ஆண்டுகளுக்கு முன்பே பர்கண்டி ஒயினையும் சூடாக்கிக் கடல் கடந்து அனுப்பியிருந்தார். அதை அறிந்ததும் பாஸ்டர் பகிரங்கமாக ஒப்புக் கொண்டார். சூடாக்கினால் கெடாது என்பதை அப்பேர் கண்டார். ஏன் கெடாது என்பதைப் பாஸ்டர் கண்டார்.

நாக்குக்கு வைத்த பரீட்சை

இனிமேல்தான் உண்மையான சோதனை.

கிருமி செத்தால் மட்டும் போதுமா? ருசி போய் விட்டால்? சூடு பட்ட ஒயினில் வெந்த வாசனை அடிக்கும் என்று வியாபாரிகள் பயந்தார்கள். குடிப்பவர் ஒப்புக் கொள்ளாவிட்டால், மைக்ராஸ்கோப் சொல்லும் சாட்சி எதற்கு உதவும்?

பாஸ்டர் தாமே தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பை மற்றவர்களின் நாக்கிடம் விட்டார். 1865 நவம்பரில், பாரிஸ் மொத்த ஒயின் வியாபாரிகள் சங்கத்தில் இருந்து கைதேர்ந்த ருசி நிபுணர்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் ஜோடி ஜோடியாகக் கிண்ணங்கள். ஒன்றில் சூடாக்கிய ஒயின். மற்றொன்றில் சூடாக்காத ஒயின்.

நிபுணர்கள் முகர்ந்தார்கள். உருட்டினார்கள். துப்பினார்கள். யோசித்தார்கள். வேற்றுமை மிக மிகச் சொற்பம், சாதாரணமாகக் குடிப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பாஸ்டருக்கு ஒரு சந்தேகம். அந்தச் சொற்ப வேற்றுமையும் நாக்கில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா?

ஒரு தந்திரம் செய்தார். அவர்களுக்குச் சொல்லாமல், ஒரே ஒயினை இரண்டு கிண்ணத்திலும் ஊற்றி வைத்தார். நிபுணர்கள் சுவைத்தார்கள். இரண்டுக்கும் வேற்றுமை இருப்பதாகவே கூறினார்கள்! சிலருக்கு ஒரு கிண்ணம் பிடித்தது. சிலருக்கு மற்றது பிடித்தது.

நிபுணர்களை அவமானப்படுத்த அவர் இதைச் செய்யவில்லை. வேற்றுமை இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால், நாக்கு அதைக் கற்பனை செய்து கொள்ளும். அதைத்தான் அவர் காட்டினார். பெயரும் விலையும் தெரியாமல் சுவைத்தால்தான் நாக்கு உண்மை பேசும். இன்றும் ஒயின் போட்டிகளில் புட்டியின் பெயரை மறைத்து வைத்துச் சுவைக்கிறார்கள். விலை குறைந்த புட்டி அங்கே சில சமயம் பெரிய பெயர்களை வென்று விடுகிறது.

கப்பல் ஏறிய ஒயின்

அடுத்தது கடல் சோதனை. மாலுமிகளுக்குக் கொடுக்கும் ஒயின், நீண்ட பயணத்தில் கெட்டு விடுவது வழக்கம். பிரெஞ்சுக் கடற்படை முன்வந்தது. 'ழான் பார்' என்ற கப்பலில் 500 லிட்டர் ஒயின் ஏற்றினார்கள். பாதி சூடாக்கியது, பாதி சூடாக்காதது.

பத்து மாதம் கழித்துக் கப்பல் திரும்பியது. சூடாக்கிய ஒயின் தெளிவாக, பக்குவமாக இருந்தது. சூடாக்காத ஒயின் துவர்ப்பு ஏறி, காடியாகத் தொடங்கியிருந்தது. 1868-ல் 'சிபில்' என்ற போர்க் கப்பலின் நீண்ட பயணத்துக்கும் சூடாக்கிய ஒயினே போயிற்று.

இதற்கிடையே, 1867-ல் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ஒயின் ஆராய்ச்சிக்காகப் பாஸ்டருக்குப் பெரும் பரிசு கிடைத்தது.

லாபம் வேண்டாம்

1865-ம் ஆண்டு இறுதியில், சக்கரவர்த்தி தம் அரண்மனைக்குப் பாஸ்டரை விருந்தாளியாக அழைத்தார். பாஸ்டர் மைக்ராஸ்கோப்புடன் போனார்! சக்கரவர்த்திக்கும் சக்கரவர்த்தினிக்கும் ஒயின் கிருமிகளைக் காட்டினார்.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பால் ஏன் பணம் சேர்க்கவில்லை என்று அரச தம்பதிகள் வியந்தார்கள். பணத்துக்காக ஆராய்ச்சி செய்வது விஞ்ஞானிக்குத் தாழ்வு என்பது பாஸ்டரின் கருத்து. ஒயினைச் சூடாக்கும் முறையை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அவர் விட்டு விட்டார். காப்புரிமை பெற்றது, வேறு யாரும் அதைத் தமதாக்கி விலை பேசாமல் இருப்பதற்குத்தான் பயன்பட்டது.

மேலும் மேலும் துயரம்

புகழ் ஒரு கதவின் வழியே வந்தது. மறு கதவின் வழியே துயரம் வந்தது.

1859-ல் மூத்த மகள் ழான், 9 வயதில் டைபாய்டு காய்ச்சலால் இறந்தாள்.

1865-ல் பட்டுப்புழு நோயை ஆராயத் தெற்கே போயிருந்தார். தந்தையின் நிலை மோசம் என்று செய்தி வந்தது. ஓடினார். போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்து விட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், 2 வயதுக் குழந்தை கமீல் இறந்தாள். மறு ஆண்டு மே மாதத்தில், 12 வயது மகள் செசீல் இறந்தாள். அதுவும் டைபாய்டு.

நிபுணர்கள் கிண்ணத்தை முகர்ந்து கொண்டிருந்த அந்த நவம்பர் மாதத்தில், கமீல் இறந்து இரண்டு மாதம் அளவே ஆகியிருந்தது! அத்தகைய மனநிலையில்தான் பாஸ்டர் அந்த வேலையைச் செய்தார்.

1868 அக்டோபர் 19-ந்தேதி, அவருக்கே பக்கவாதம் வந்தது. அப்போது வயது 45. இடது கையும் இடது காலும் விழுந்து விட்டன. பிழைப்பது கடினம் என்று நினைத்தார்கள். ஒரு வாரத்தில், படுக்கையில் கிடந்தபடியே பட்டுப்புழுவைப் பற்றிய குறிப்பைச் சொல்லி எழுத வைத்தார்! ஆயுள் முழுவதும் இடப்பக்கம் முழுமையாகக் குணம் அடையவில்லை. அவர் பெரிய சாதனைகள் பலவற்றைச் செய்தது அதன் பிறகுதான்.

கிருமியை அறிந்தவருக்கு அதன் பயமும் உண்டு. விருந்துக்குப் போனால், தட்டையும் கிண்ணத்தையும் துடைத்துப் பார்ப்பார். ரொட்டியைப் பிட்டுத் துருவித் துருவிப் பார்ப்பார். கை குலுக்கவும் தயங்குவார். மற்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு மகள்களைக் காய்ச்சலுக்குக் கொடுத்த தகப்பனுக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

அந்தக் காலத்து நகரங்களில் குடிதண்ணீரே நோயைப் பரப்பியது. ஆகவே தண்ணீரை விட ஒயின் சுத்தமானது என்று பாஸ்டர் கருதினார். இன்று நிலைமை வேறு. சுத்தமான தண்ணீர் கிடைக்கிறது. மது உடலுக்குக் கேடு என்று இன்றைய மருத்துவம் எச்சரிக்கிறது.

பஞ்சில் பொதிந்த திராட்சை

1874-ல் ஆர்புவா அருகே ஒரு சிறு திராட்சைத் தோட்டத்தைப் பாஸ்டர் வாங்கினார். 1878-ல் அங்கே ஒரு விசித்திரமான சோதனை நடந்தது.

சாற்றைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் எங்கிருந்து வருகிறது? பழத்துக்குள்ளேயே பிறக்கிறது என்று சிலர் கூறினார்கள். வெளியில் இருந்து பழத்தோலில் வந்து படிகிறது என்றார் பாஸ்டர்.

காய் பிஞ்சாக இருக்கும்போதே, கொடிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்தார். குலைகளைப் பஞ்சினால் பொதிந்தார். பழம் பழுத்தது. பிழிந்து வைத்தார். சாறு புளிக்கவே இல்லை! பக்கத்தில் வெளியே தொங்கிய பழங்களின் சாறு வழக்கம்போலப் புளித்தது.

கிருமி தானாகப் பிறப்பது இல்லை. வெளியே இருந்து வருகிறது. வராமல் தடுக்கலாம். வந்ததை அழிக்கலாம். வைத்திய உலகத்தையே மாற்றிய இந்தக் கருத்துக்கு, ஒரு திராட்சைக் குலை சாட்சி சொன்னது.

ஒயினில் இருந்து பாலுக்கு

பாஸ்டரின் முறையைப் பர்கண்டி என்ன செய்தது? பெரும்பாலோர் ஒயினைச் சூடாக்கவில்லை. நோய்க்குக் காரணம் கிருமி என்று தெரிந்ததும், பீப்பாயையும் நிலவறையையும் சுத்தமாக வைக்கக் கற்றுக் கொண்டார்கள். அதிலேயே பாதி நோய் ஓடி விட்டது. லூயி லத்தூர் என்ற பழைய நிறுவனம் மட்டும், தன் சிவப்பு ஒயினைச் சில வினாடிகள் சூடாக்கும் முறையைக் கையாண்டு பெயர் பெற்றது.

பீர் தொழிலில் அந்த முறை பரவியது. 1886-ல் ஜெர்மானிய விஞ்ஞானி சாக்ஸ்லெட், குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாலையும் இப்படிச் சூடாக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். காய்ச்சாத பாலின் வழியாகக் காச நோயும், டைபாய்டும் பரவிக் கொண்டிருந்த காலம் அது. மெல்ல மெல்ல உலகம் அதை ஏற்றது.

பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருப்பது ஒரு முறை. 72 டிகிரியில் 15 வினாடி வைத்து, உடனே குளிர வைப்பது மற்றொரு முறை. பெரிய பால் பண்ணைகளில் இந்த இரண்டாவது முறை நடக்கிறது.

பாஸ்டரின் இரண்டு மகள்களைக் கொண்டு போனது டைபாய்டு. அவர் ஒயினுக்காகக் கண்ட சூடு, கோடிக்கணக்கான குழந்தைகளின் பாலில் இருந்து அதே டைபாய்டு கிருமியை விரட்டியது. விதியின் கணக்கு விசித்திரமானது!

கடைசிக் காலம்

ஒயினுக்கு நோய் தருவது கிருமி என்றால், மனிதனுக்கு? அந்தக் கேள்விதான் பாஸ்டரை வைத்தியத்துக்கு இழுத்து வந்தது. 1881-ல் ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பு ஊசி போட்டு வெற்றி கண்டார். 1885 ஜூலை 6-ந்தேதி, வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு ஊசி போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான். உலகம் பாஸ்டரைக் கொண்டாடியது.

1888-ல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் குன்னூரில் 1907-ல் ஒரு பாஸ்டர் நிலையம் தோன்றியது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தேடிப் பாரிசுக்கோ வட இந்தியாவுக்கோ போக முடியாத தென்னாட்டு ஏழைகளுக்கு, அது பெரிய ஆறுதலாக இருந்தது.

1895 செப்டம்பர் 28-ந்தேதி, பாரிசுக்கு அருகே பாஸ்டர் காலமானார். வயது 72. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் அடியில் ஓர் அழகான அறையில் அவர் உடலை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அந்த அறையின் சுவரிலும் கூரையிலும் வண்ணக் கற்களைப் பதித்து, அவர் செய்த வேலைகளைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். ஆடுகள் இருக்கின்றன. நாய் இருக்கிறது. பட்டுப்புழுவுக்கு இரையான முசுக்கட்டைச் செடி இருக்கிறது.

அவற்றோடு, ஆர்புவா ஊரின் தோல் பதனிடுபவர் மகன் சிறு வயதில் தினமும் பார்த்த திராட்சைக் கொடியும் படர்ந்திருக்கிறது.